கேம் பாய் கேசட்டுகள்: அவசியமானவையும் அரியவையும்

பழைய விளையாட்டுக் கேசட்டுகளைச் சேகரிக்கும் பழக்கம் உலகின் பல பாகங்களிலும் வேரூன்றிவிட்ட இக்காலத்தில், எந்தக் கேசட்டுகள் ஒருவரிடம் அவசியம் இருக்க வேண்டியவை என்ற கேள்விக்கும், எவை கிடைத்தற்கரியவை என்ற கேள்விக்கும் ஒரே விடையைச் சொல்லிவிடும் மயக்கம் சர்வ சாதாரணமாகக் காணப்படுகிறது. அரிய பொருளுக்கு விலை ஏறுகிறது. விலை ஏறிய பொருளை விசேஷமானது என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையே மறுபடியும் விலையை ஏற்றிவிடுகிறது. இந்தச் சுழலிலிருந்து சற்று விலகி நின்று, விளையாட்டின் குணம் யாது, அதைத் தாங்கி நிற்கும் பொருளின் குணம் யாது, இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் எண்ணம். அதற்கு நின்டெண்டோ கம்பெனியின் கேம் பாய்க் குடும்பத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் கையடக்கக் கருவிகளின் சரித்திரத்தில் இல்லை என்றே கருதுகிறேன்.

1989 ஏப்ரல் 21ஆம் தேதி ஜப்பானில் முதல் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. 1998இல் கேம் பாய் கலரும், 2001இல் கேம் பாய் அட்வான்ஸும் அதன் வழித்தோன்றல்களாக வந்தன. அட்வான்ஸில் முந்தைய இரண்டு தலைமுறைகளின் கேசட்டுகளையும் செருகி ஆடலாமாதலால், 2003இல் வெளிவந்த மடக்கு வடிவமான அட்வான்ஸ் எஸ்.பி. ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகளின் படைப்புகள் முழுவதும் திறந்து கிடக்கின்றன. எந்தத் தேசத்தில் வாங்கிய கேசட்டும் எந்தத் தேசத்துக் கருவியிலும் ஓடும் என்பது இக்குடும்பத்தின் இன்னொரு பெருந்தன்மை. ஜப்பானியக் கேசட்டுகள் பெரும்பாலும் மலிவாகவே கிடைப்பதால், எழுத்தை வாசிக்க வேண்டிய அவசியம் அதிகமில்லாத விளையாட்டுகளை அங்கிருந்து தருவித்துக்கொள்வது சேகரிப்பாளர்களின் நல்ல வழக்கங்களில் ஒன்று.

இக்கருவியைச் சிருஷ்டித்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், விலை மலிந்து நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத புதிய வழியில் பயன்படுத்துவதே உத்தமம் என்ற கொள்கையுடையவர். 1980 முதல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் சிறு கருவிகளில் அக்கொள்கையைப் பரீட்சித்துப் பார்த்தவர், கேம் பாயிலும் அதையே கடைப்பிடித்தார். 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, அதில் நான்கே சாயைகள், பின்னொளி கிடையாது. ஏறத்தாழ அதே காலத்தில் அட்டாரியின் லிங்க்ஸும் செகாவின் கேம் கியரும் வர்ணத் திரையோடு வந்து கண்ணைக் கவர்ந்தன. ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட, கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. சிக்கனமும் உறுதியும் வென்றன. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்பனையாயின. இவ்வளவு பெருந்தொகையான கருவிகளுக்காக அச்சடிக்கப்பட்டதனால்தான், புகழ்பெற்ற கேசட்டுகள் பலவும் இன்றும் சாமானியர் கைக்கு எட்டும் நிலையில் இருக்கின்றன.

ஒரு கேசட்டின் அவசியத்தை அளப்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் ஓட்டையும் அதனுள் இருக்கும் சிறு பலகையையும் விட்டுவிட்டு, விளையாட்டின் தரவை மாத்திரம் பிரித்தெடுத்து வேறொரு கருவியில் ஏற்றினால், விளையாட்டு எவ்வளவு குறைந்துபோகும்? ஒன்றும் குறையாதென்றால் அந்தக் கேசட்டை வைத்திருப்பது அன்பின் பாற்பட்டது. பெரிதும் குறையுமென்றால் அதை வைத்திருப்பது அவசியத்தின் பாற்பட்டது.

இவ்வளவுகோலின் ஒரு முனையில் டெட்ரிஸ் நிற்கிறது. 1984இல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸேய் பஜித்னோவ் இயற்றிய அந்த விளையாட்டின் கையடக்க உரிமையைப் பெற விளையாட்டு வெளியீட்டாளர் ஹென்க் ரோஜர்ஸ் 1989இல் மாஸ்கோவுக்கே சென்று பேசினார். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு கேம் பாயோடும் அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவை இணங்க வைத்தவரும் அவரே. வெறும் 32 கிலோபைட் அளவுள்ள அக்கேசட்டினுள் பேட்டரியும் இல்லை, நினைவைச் சேமிக்கும் இடமும் இல்லை; கருவியை அணைத்தால் எடுத்த எண்ணிக்கையெல்லாம் மறைந்துவிடும். 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் மீர் நிலையத்துக்குக் கேம் பாயோடு எடுத்துச் சென்றதும் இந்த விளையாட்டுத்தான். வளைகுடா யுத்தத்தில் தீயில் வெந்து உருகிய ஒரு கேம் பாய், நியூயார்க்கிலுள்ள நின்டெண்டோ கடையில் வெகுகாலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது அதன் திரையில் ஓடிக்கொண்டிருந்ததும் இதுவே. ஆனாலும் உள்ளிருக்கும் தரவை எதில் ஏற்றினாலும் டெட்ரிஸ் டெட்ரிஸாகவே இருக்கும். அந்தச் சாம்பல் நிறக் கேசட் எங்கும் மலிந்து கிடப்பதற்காக அதை அலட்சியம் செய்கிறவர்கள் சரித்திரத்தை அலட்சியம் செய்கிறார்கள் என்பேன். அதே சமயம், அதை வாங்கியே தீர வேண்டும் என்று எவரையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

முதல் ஆண்டுகளின் வேறு சில சிறந்த கேசட்டுகளும் இவ்வகையின. 1989ஆம் ஆண்டின் சூப்பர் மரியோ லேண்ட், 1991ஆம் ஆண்டின் மெட்ராய்டு 2, பழைய நான்கு கட்டங்களில் தொடங்கி நூறு கட்டங்களுக்கு விரியும் 1994ஆம் ஆண்டின் டாங்கி காங், அதிகம் பேர் அறியாத மோல் மேனியா ஆகியவை விலையும் அதிகமில்லாதவை, ரசனைக்கும் குறைவில்லாதவை.

1993இல் வந்த ஸெல்டா வரிசையின் ‘லிங்க்ஸ் அவேகனிங்’ பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அலுவல் நேரம் முடிந்த பிறகு ஊழியர் சிலர் தம் விருப்பத்துக்குச் செய்து பார்த்த பரிசோதனையாகத் தொடங்கி, தகாஷி தெசூகாவின் இயக்கத்தில் முழுப் படைப்பாக வளர்ந்தது அது. கப்பல் உடைந்து கோஹோலின்ட் என்னும் தீவில் ஒதுங்கிய வீரன், அத்தீவைவிட்டுப் போவதற்கான வழியைத் தேடத் தேட, அத்தீவே ஒரு கனவு என்பதையும், தான் விடுதலை பெற வேண்டுமாயின் அங்கே தன்னை அன்போடு ஏற்றுக்கொண்ட அத்தனை பேரும் இல்லாமற்போக வேண்டும் என்பதையும் சிறிது சிறிதாக உணர்கிறான். நான்கே சாயைகளில், உள்ளங்கையளவுத் திரையில், இத்தகைய சோக ரசத்தை எழுப்ப முடியும் என்று காட்டியது கையடக்க விளையாட்டுக்குக் கிடைத்த பெரிய கௌரவம். 1998இல் வர்ணப் பதிப்பும் 2019இல் புதிய உருவமும் இதற்கு வந்தன. கதை எங்கே போனாலும் உயிரோடிருக்கும். முதற்பதிப்பின் சாம்பல் நிறத் தனிமையை மாத்திரம் பிற்காலத்து அலங்காரங்களில் நான் காணவில்லை.

போக்கேமானுக்கு வரும்போது தராசு சாயத் தொடங்குகிறது. சிறு வயதில் மச்சிதா நகரத்துப் புறவெளிகளில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைக் கண்டபோது அதன் வழியே உயிர்கள் ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தாராம். அக்கற்பனை, ஆறாண்டு உழைப்புக்குப் பின், 1996 பிப்ரவரி 27இல் சிவப்பு, பச்சை என்னும் இரண்டு கேசட்டுகளாக ஜப்பானில் வெளிவந்தது. ஒன்றில் இருக்கும் சில உயிர்கள் மற்றொன்றில் கிடையா. எனவே எவராலும் தனியாக இருந்து விளையாட்டைப் பூரணமாக்க இயலாது. ஒரு பொருளை இரண்டாகப் பிரித்து விற்றது வியாபாரத் தந்திரம் என்று கூறுவோர் உண்டு. எதிரே இன்னொரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை விளையாட்டின் விதியாகவே ஆக்கிவிட்ட அந்த யோசனையை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வெளியீட்டுக்கு முன் சோதனைக் கருவிகளை நீக்கியதால் எஞ்சிய மிகச் சிறு இடத்தில், ஷிகெகி மோரிமோதோ என்னும் நிரலாளர் மியூ என்ற 151ஆவது உயிரை ரகசியமாக வைத்துவிட்டுப் போனதும், பிறகு கோரோகோரோ என்ற சிறுவர் பத்திரிகை வெறும் 20 வாசகர்களுக்கு அதை வழங்குவதாக அறிவித்ததும், மங்கிக்கொண்டிருந்த கேம் பாய்க்கு மறுஜன்மம் கொடுத்த சம்பவங்கள். ஜப்பானிய நீலப் பதிப்பு முதலில் அப்பத்திரிகையின் வாசகர்களுக்குத் தபால் மூலமாகவே விற்கப்பட்டது என்பதும் சேகரிப்பாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரு எச்சரிக்கை: இந்த முதல் தலைமுறையில் ஜப்பானியக் கேசட்டையும் ஆங்கிலக் கேசட்டையும் கம்பியால் இணைத்துப் பரிமாறினால், சேமித்த ஆட்டம் சிதைந்துபோகும்.

பழைய போக்கேமான் கேசட் ஒன்றை வாங்குகிறவர் விளையாட்டை மட்டும் வாங்குவதில்லை. முன்பு அதை வைத்திருந்த, முகமறியாத ஒரு சிறுவனோ சிறுமியோ பெயர் சூட்டி வளர்த்த உயிர்களும், கடைசியாக அவர்கள் நின்ற இடமும் பல சமயங்களில் அப்படியே உள்ளே இருக்கும். தரவை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஆடுகிறவருக்கு இது கிட்டாது.

அளவுகோலின் மறுமுனையில் இருப்பவையே என் மனத்துக்கு உகந்தவை. விளையாட்டுக்கு வேண்டிய உறுப்பு கேசட்டினுள்ளேயே அமைந்தவை. 1998இல் வந்த கேம் பாய் கேமராவைச் செருகினால் கருவி ஒரு புகைப்படப் பெட்டியாக மாறும். 128க்கு 112 புள்ளிகளில், நான்கு சாயைகளில், முப்பது படங்கள் அதில் தங்கும். நீல் யங் என்னும் பாடகரின் 2000ஆம் ஆண்டு இசைத்தட்டின் முகப்புப் படம் இதனால் எடுக்கப்பட்டது. 1999இல் வந்த போக்கேமான் பின்பால், தன் முதுகில் ஒரு சிறு பேட்டரியைத் தாங்கி, பந்து மோதும்போதெல்லாம் கையில் அதிரும். 2000இல் ஜப்பானில் வெளியாகி மறு ஆண்டு அமெரிக்காவுக்கு வந்த ‘கர்பி டில்ட் அண்ட் டம்பிள்’ கேசட்டில், கருவியை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதை உணரும் உறுப்பு உண்டு. கதாநாயகனான கர்பி அந்தச் சாய்வில் உருளும். ஆனால் அட்வான்ஸ் எஸ்.பி.யில் கேசட்டைக் கீழ்ப்புறமாகச் செருகுவதால் சாய்வு முழுவதும் தலைகீழாகிவிடும். இதற்கென்று ஒரு கேம் பாய் கலரையோ பழைய அட்வான்ஸையோ வைத்துக்கொள்வதே முறை. இவ்விளையாட்டு 2023இல் நின்டெண்டோவின் சுவிட்ச் கருவியின் சந்தா நூலகத்திலும் சேர்ந்தது. அக்கருவியிலும் சாய்வை உணரும் உறுப்பு இருந்ததனால் அது சாத்தியமாயிற்று.

‘வேரியோவேர் ட்விஸ்டட்’ (ஜப்பானில் 2004) சுழற்சியை உணர்வது. சில விநாடிகளே நீடிக்கும் நூற்றுக்கணக்கான குட்டி ஆட்டங்களைக் கருவியையே திருகித் திருகி ஆட வேண்டும்; திருகுந்தோறும் உள்ளிருக்கும் அதிர்வி பல்சக்கரம் நகர்வதுபோல் விரலில் உறுத்தும். அது ஐரோப்பாவுக்கு வரவேயில்லை. இவை எல்லாவற்றிலும் தலைசிறந்ததாக நான் கருதுவது, ஹிதேயோ கோஜிமாவின் தயாரிப்பில் கோனாமி 2003இல் வெளியிட்ட ‘போக்டாய்’. அதன் கேசட்டின் விளிம்பில் வெயிலை அளக்கும் சிறு கண் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் ஜாங்கோ என்னும் சிறுவனின் ஆயுதத்துக்குச் சூரிய ஒளியே மருந்து. அந்த ஒளி உண்மையான வானத்திலிருந்து வந்து கேசட்டின்மேல் விழ வேண்டும். அறைக்குள் அடைந்து கிடந்து ஆடுவதே வீடியோ விளையாட்டின் இயல்பு என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், ஆடுகிறவரை வெயிலுக்கு அழைத்துப் போன இந்த யுக்திக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தரவை மட்டும் கணினியில் ஏற்றி, வெயிலின் அளவைப் பொத்தானால் கூட்டிக் குறைத்து ஆடவும் வழியிருக்கிறது. அப்படி ஆடினால் கதை முடியும், போக்டாய் நிகழாது. இதன் இரண்டாம் பாகமும் இங்கிலீஷில் உண்டு. மூன்றாவது ஜப்பானில் மட்டும் வெளிவந்தது.

இனி, அருமையால் விலை ஏறியவை. 2002இல் வேஃபார்வர்ட் உருவாக்கி கேப்காம் வெளியிட்ட ‘ஷான்டே’ இவ்வரிசையில் முதலில் நினைவுக்கு வருவது. கேம் பாய் கலரின் ஆற்றலைக் கடைசித் துளிவரை பிழிந்தெடுத்த அப்படைப்பு, அட்வான்ஸ் வந்து ஓராண்டு கடந்த பின்னர் கடைக்கு வந்தது; வாங்குவோர் புதிய கருவிக்குப் போய்விட்டனர். குறைவாக அச்சாயிற்று, குறைவாகவே விற்றது. அதனாலேயே பிற்காலத்தில் தேடப்படும் பொருளாயிற்று. சன்சாஃப்டின் ‘டிரிப் வேர்ல்ட்’ ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மட்டும் வந்தது. கோனாமியின் ‘நிஞ்ஜா ஃபைவ்-ஓ’ 2003இல் எவரும் கவனியாமலே கடந்துபோனது. மூன்றும் நல்ல விளையாட்டுகள். ஆனால் அவற்றின் விலைக்குக் காரணம் அந்த நன்மை அல்ல, அக்காலத்துக் கடைக்காரர்கள் எத்தனை பிரதிகளுக்குத் துணிந்தார்கள் என்பதே. ஷான்டேயை 2020இல் லிமிடெட் ரன் கேம்ஸ் புதிய கேசட்டாக மறுபடி அச்சிட்டது. ஆட விரும்புகிறவர் அதை வாங்கிக்கொள்வதில் யாதொரு குறையும் இல்லை. ஷிகேசதோ இதோய் எழுதிய ‘மதர் 3’, அட்வான்ஸுக்கு நின்டெண்டோ ஜப்பானில் கடைசியாக வெளியிட்ட ‘ரிதம் தெங்கோகு’ ஆகிய இரண்டும் 2006இல் ஜப்பானில் மட்டுமே வந்தவை. பின்னதற்கு மொழி ஏறக்குறையத் தேவையே இல்லை, செவி இருந்தால் போதும். முன்னது மொழியில்தான் உயிர் வைத்திருக்கிறது; ஜப்பானியம் அறியாதவர் அதை வாங்குவது, வாசிக்க முடியாத நல்ல நூலை அலமாரியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

விலை ஏறிய இடத்துக்குப் போலியும் வந்து சேரும். அட்வான்ஸ் காலத்துப் போக்கேமான் கேசட்டுகளுக்கே போலிகள் அதிகம். அசல் கேசட்டின் அடியில் தெரியும் தங்கநிற முனைகளுக்கு மேலே, பலகையில் நின்டெண்டோ என்ற பெயர் பொறித்திருக்கும். முகப்புத் தாளில் இலக்கங்கள் அழுத்திப் பதிந்த தடம் சாய்வான வெளிச்சத்தில் புலப்படும். போக்கேமான் எமரால்டு போன்றவற்றின் ஒளிபுகும் ஓடுகளின் வழியே வட்டப் பேட்டரி தென்படும். சந்தேகம் நீங்காவிட்டால் திறந்து பார்ப்பதே வழி. பழைய கேசட்டுகளுக்கு 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள பிரத்தியேகமான திருப்புளியும், அட்வான்ஸ் கேசட்டுகளுக்கு மூன்று சிறகு முனையுள்ள திருப்புளியும் வேண்டும். திறந்து காட்ட மறுக்கும் வியாபாரியிடம் விலையுயர்ந்த கேசட்டை வாங்காதிருப்பது நலம்.

கருவியை இயக்கியவுடன் நின்டெண்டோவின் பெயர் மேலிருந்து இறங்கி வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அந்தச் சின்னம் கேசட்டிலிருந்து வாசிக்கப்படுகிறது. கருவி தன்னுள் இருக்கும் சின்னத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் மேலே செல்லும். பெயருக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கட்டை இறங்கி வந்தால் முனைகளில் அழுக்கு என்று பொருள். வாயால் ஊதுவது கூடாது. எச்சிலின் ஈரம் முனைகளை அரித்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துத் துடைத்தால் போதும்.

பேட்டரியின் விஷயம் இதைக் காட்டிலும் கவலைக்குரியது. பழைய கேசட்டுகள் பலவும் ஆட்டத்தைச் சேமிப்பது, மின்சாரம் நின்றால் மறந்துவிடும் நினைவகத்தில். ஒரு நாணயப் பேட்டரிதான் ஆண்டுக் கணக்கில் அதற்கு உயிரூட்டிக்கொண்டிருக்கும். 1999இல் ஜப்பானில் வந்த போக்கேமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் பகலிரவைக் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால், 1996இல் வந்த மூத்தவை உயிரோடிருக்கும்போதே இளையவை மரித்துப்போவதைக் காண்கிறோம். அட்வான்ஸுக்கு வந்த போக்கேமான் ரூபி, சஃபையர், எமரால்டு கேசட்டுகளில் சேமிப்பு ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், பேட்டரி தீர்ந்தாலும் கடிகாரத்தைச் சார்ந்த நிகழ்ச்சிகள் நிற்குமே ஒழிய ஆட்டம் அழியாது. சேமித்ததைக் கணினிக்கு எடுத்து வைக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. முந்தைய உரிமையாளரின் ஆட்டம் உள்ளே இருக்குமானால், முதலில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, பின்னர் பேட்டரியை மாற்றுவதுதான் தர்மம்.

இதை அறிந்தவருக்கு, உறை பிரிக்காத கேசட்டைக் கண்ணாடிப் பேழையில் அடைத்து, தர மதிப்பெண் இட்டு, ஏலம் விடும் வழக்கம் எவ்வளவு பரிதாபமானது என்பது விளங்கும். 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனதையடுத்து, கையடக்கக் கேசட்டுகளையும் அந்தக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. பேட்டரியோடு தொழிற்சாலையைவிட்டு வந்த கேசட், உறைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், அந்தப் பேட்டரியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அதை மாற்றுவதற்கு உறையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மதிப்பெண் போய்விடும். எவரும் ஆடக்கூடாது என்பதற்காகவே பாதுகாக்கப்படும் விளையாட்டு எதைப் பாதுகாக்கிறது என்று எனக்குப் புலப்படவில்லை. அட்டைப் பெட்டியின் மீதும் கையேட்டின் மீதும் பிரியம் வைப்பது வேறு. குழந்தைகள் பிரித்த அன்றே தூக்கி எறிந்த அந்தக் காகிதப் பெட்டிகளில் அக்காலத்துச் சித்திரக்காரர்களின் கைத்திறன் இருக்கிறது. கையேடுகளில் திரை காட்டாத கதையும் வரைபடங்களும் இருக்கின்றன. ஈரமும் வெயிலும் படாமல் அவற்றைக் காப்பாற்றி வைப்பவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தரவாகவே எல்லாம் கிடைக்கும்போது பொருளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. கேம் பாய்க் குடும்பத்தின் நிலை அந்தச் சராசரியைவிடவும் மோசம். அதே ஆண்டு மார்ச் 27இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவியின் இணையக் கடை மூடப்பட்டபோது, அதில் விற்றுவந்த கேம் பாய் விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழியும் அடைபட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் சுவிட்ச் கருவியில் கேம் பாய் நூலகம் திறந்தது என்றாலும், அங்கே இருப்பது சந்தா கட்டும்வரை நீடிக்கும் அனுமதி. எந்த விளையாட்டு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது கம்பெனியின் சித்தம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், 2005இல் வந்த, பின்னொளி நன்கு அமைந்த அட்வான்ஸ் எஸ்.பி. ஒன்றும், சாய்வு விளையாட்டுக்காக ஒரு கேம் பாய் கலரும் போதும் என்பேன். கேசட்டுகளில் முதலில் போக்டாயையும் வேரியோவேர் ட்விஸ்டடையும் வாங்க வேண்டும். அடுத்து கேம் பாய் கேமராவும், இணைப்புக் கம்பியோடு ஒரு போக்கேமான் ஜோடியும். பின்னர் லிங்க்ஸ் அவேகனிங்கும் ரிதம் தெங்கோகுவும், விலை மலிந்த டெட்ரிஸும். அரியவற்றை, அவற்றை ஆடியே தீர வேண்டும் என்ற ஆசை பிறக்கும் நாளுக்கு ஒதுக்கி வைக்கலாம். பேட்டரி மாற்றும்போது பற்றவைத்த தகடுகளுள்ள பேட்டரியையே போட வேண்டும். ஒட்டுநாடாவால் ஒட்டியது நாளடைவில் நழுவிச் சேமிப்பை அழித்துவிடும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஓட்டின் உட்புறத்தில் எழுதி மூடினால், அடுத்து வாங்குகிறவர் அதை எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.